ஆற்றிலே போட்டுக் குளத்திலே எடுப்போர்

முதுகுன்றத்துக் கதை ஒன்று உண்டு. நம்பச் சொல்லிக் கூறவில்லை, நாமும் நம்புவதில்லை. எனினும் கேளுங்கள், தோழர்களே! இன்று அது நமக்குப் பயன்படும்.

விருத்தாசலம் என்று வடமொழிப் பெயர் சூட்டப்பட்ட அந்த முதுகுன்றத்துக்குச் சுந்தரர் வருகிறார். பாடுகிறார். ஆண்டவன் உள்ளம் குளிர்ந்து 12,000 பொன் கொடுக்கிறார். கொடுத்ததோடு நிற்கவில்லை. பொன்னை மணிமுத்தாற்றிலே போட்டுவிடு, திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள் என்று வழியும் சொல்லி அனுப்புகிறார். அடியாரும் அவ்வாறே ஆற்றிலே இடுகிறார்; நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஆரூர்க் கமலாலயத்திலே இறங்கித் தேடி எடுக்கிறார். பெரியபுராணம் பக்தியோடு பேசும் அற்புதம் இது!

நாட்டு மக்கள் நம்மைவிடக் குறும்புக்காரர்கள். புராணிகர் கண்ணீர் மல்கக் கூறியதைக் கேட்டுவிட்டு, ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று அறிவற்ற செயலுக்கு ஒரு பழமொழி செய்து வைத்துக்கொண்டனர். ஆனால் அந்தப் பழமொழியும் இன்று பழையதாகிவிட்டது. ஆற்றிலே போடுகிறான், தேடவில்லை, குளத்திலே எடுத்தே விடுகிறான்! ஆண்டவன் அருளால் அல்ல. கணக்கர் அருளால், காகிதக் கம்பெனியின் அருளால், கண்டும் காணாத அதிகாரியின் அருளால்! இந்த அற்புதத்துக்குத்தான் பணச்சலவை என்று பெயர்.

சென்ற மாதம் மங்கலம்பேட்டைக்குச் சென்றிருந்தோம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் உள்ள ஊர். படிப்பகத்திலே பேச்சு முடிந்து, தேநீர்க் குவளையோடு நின்றபோது இளைஞர் ஒருவர் அருகே வந்தார். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றிலே வேலை. விரல் இடுக்குகளிலே வெள்ளைக் களிமண் காய்ந்து கிடந்தது. சட்டைப் பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, ஒருத்தர் வந்து ஐயாயிரம் கொடுத்தாரு. மூணு மாசத்துக்கு என் பேரில ஒரு கணக்கு வேணும்னாரு. ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் வாங்கிக்கிட்டாரு. பணம் வருதாம், போகுதாம். நான் ஒரு காசு தொடல. தப்பா அண்ணே?"

புத்தகத்தைப் பிரித்தோம். ஐயாயிரம் ரூபாய்க்குத் தன் பெயரை வாடகைக்கு விட்ட அந்தத் தம்பிக்கு நாம் சொன்ன விடையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறோம்.

தம்பி, திருடியவனுக்குப் பணம் கிடைத்தவுடன் மகிழ்ச்சி வருவதில்லை, கவலைதான் வருகிறது. கையூட்டு வாங்கியவன், போதைப் பொருள் விற்றவன், ஊரை ஏமாற்றிச் சீட்டு நடத்தியவன், எவனாயினும் சரி, மூட்டையாக வீட்டிலே வைத்திருக்கும் பணம் அவனுக்கு எதிரான சாட்சி. அதைக் கொண்டு மாளிகை வாங்கினால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பிறக்கும். ஆகவே அவனுக்குத் தேவை பணம் அல்ல. பணத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்!

அதற்கு மூன்று படிகள். முதலிலே ஆற்றில் இடுதல். பத்து இலட்சத்துக்கு மேல் ரொக்கமாகப் போட்டால் வங்கி, 2004இல் தில்லியில் தோன்றிய நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். 50,000க்கு மேல் போட்டாலே வருமானவரி எண் கேட்பது நெடுநாள் விதியாக இருந்தது. எனவே மூட்டையை உடைத்துச் சிறு சிறு பொட்டலங்களாக்குகிறான். நாற்பதாயிரம் ஒருவர் பெயரில், நாற்பத்தைந்தாயிரம் இன்னொருவர் பெயரில்! அந்த இன்னொருவர்தான், தம்பி, நீ!

அடுத்தது நிலத்தடிப் பயணம். உன் கணக்கிலே விழுந்த பணம் அன்று மாலையே வேறொரு கணக்குக்கு ஓடும். அங்கிருந்து ஒரு கம்பெனிக்கு. அங்கிருந்து வேறொரு கம்பெனிக்குக் கடனாக. அங்கிருந்து சரக்கே அனுப்பாத சரக்குக்கு விலையாக. பெயர்ப்பலகை உண்டு, தொழிற்சாலை இல்லை. இயக்குநர் உண்டு, அவருக்கே தாம் இயக்குநர் என்பது தெரியாது. 2017இல் மட்டும், கணக்குத் தாக்கல் செய்யாத இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து இந்திய அரசு நீக்கியது. அவை எல்லாமே சலவைத் துறைகள் என்று நாம் கூறவில்லை. எத்தனை பெயர்ப்பலகைகள் ஆளின்றித் தொங்கின என்பதற்கு அது ஓர் அளவு. வங்கியே வேண்டாம் என்பவனுக்கு ஹவாலா இருக்கிறது. துபாயிலே ஒருவனிடம் பணம் கொடுத்தால், நோட்டு கடலைத் தாண்டாமலே, இங்கே வேறொருவன் கொடுப்பான். மணிமுத்தாற்றுக்கும் கமலாலயத்துக்கும் இடையே சுரங்கம் எதற்கு? இரு கரையிலும் ஆள் இருந்தால் போதும்!

கடைசியில் குளத்திலே எடுத்தல். பங்கு விற்ற இலாபம், நிலம் விற்ற தொகை, தோப்பு விளைச்சல் என்று ஏதேனும் ஒரு பெயரோடு பணம் வெளியே வருகிறது. நம் வட்டாரத்து முந்திரித் தோப்புக்காரர் வெயிலிலே கருகி, விலை இல்லாமல் வாடுகிறார். அவருடைய வருமானத்துக்கு வரி கிடையாது, நியாயம். ஆனால் மண்ணைக் கையால் தொடாத பெருமகன் ஒருவன், தன் தோப்பிலே பொன் காய்த்தது என்று எழுதினாலும் அதே விலக்கின் நிழலிலே ஒதுங்கிக் கொள்கிறான். உழவனுக்குப் பிடித்த குடையிலே ஊழல்காரன் நனையாமல் நடக்கிறான்!

பக்தியின் குடை அதைவிடப் பெரிது. பெயர் சொல்லாமல் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்படும் நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி என்று 2006இல் வருமானவரிச் சட்டத்திலே 115 பிபிசி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பள்ளி நடத்தும் அறநிலையம் தப்பாது. ஆனால் முழுக்க முழுக்க மதப் பணிக்கான நிறுவனம் என்றால் அந்த வரி இல்லை என்று விலக்கும் சேர்த்தே எழுதினார்கள். எல்லாம் அறிந்த கடவுளுக்குக் கொடுத்தவன் பெயர் தெரியும், வருமானவரிக்காரருக்குத் தெரியவேண்டாம் என்பது போலும்! கோவிலாயினும், பள்ளிவாசலாயினும், தேவாலயமாயினும் இந்த ஒரு விஷயத்திலே மத ஒற்றுமை சட்டத்திலேயே நிலவியது.

இவற்றையெல்லாம் ஒரே இரவில் ஒழிப்பதாக ஒருவர் முழங்கியதும் நினைவிருக்கும். 2016 நவம்பர் 8. 500 ரூபாயும் 1000 ரூபாயும் செல்லாது! கறுப்புப் பணம் காகிதமாகிவிடும், பதுக்கியவன் பதறுவான் என்றார்கள். பதறியவர் யார்? நாலு நாள் கூலியைக் கையிலே வைத்துக்கொண்டு வங்கி வாசலிலே வரிசையில் நின்ற தாய்மார்கள். செல்லாதென்ற நோட்டு 15.41 இலட்சம் கோடி ரூபாய். திரும்பி வந்தது 15.31 இலட்சம் கோடி. 2018 ஆகஸ்டிலே ரிசர்வ் வங்கி தந்த கணக்கு இது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல்! எரிந்துபோகும் என்ற பணம் எங்கே? எவன் பெயரிலோ ஆற்றில் விழுந்து, எவன் குளத்திலோ கரையேறிவிட்டது. சலவைக்காரனைப் பிடிக்காமல் துணியை மாற்றினால் அழுக்கு போய்விடும் என்று எண்ணிய அரசின் அறிவை என்னென்பது!

இது எல்லாம் பம்பாயிலே, கல்கத்தாவிலே நடப்பது, நம் தமிழகத்துக்கு என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களை, நம் தமிழகத்தின் கோட்டையிலே நடந்து, பெங்களூருக்குப் போய், தில்லியிலே முடிந்த வழக்கைப் புரட்டிப் பார்க்க அழைக்கிறோம்.

1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை. முதலமைச்சர் ஜெயலலிதா, மாதச் சம்பளம் ஒரு ரூபாய் போதும் என்று அறிவித்தவர். அந்தக் காலத் தொடக்கத்தில் சொத்து சுமார் இரண்டு கோடி. முடிவில் அவரும் உடனிருந்த மூவருமாக 66 கோடிக்கு மேல் என்பது இலஞ்ச ஒழிப்புத் துறையின் குற்றச்சாட்டு. பணச்சலவைத் தடைச் சட்டம் அன்று பிறக்கவே இல்லை. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்கு. ஆயினும் சலவை என்றால் என்ன என்று கற்க விரும்பும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் நம் நாட்டில் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று தந்த தீர்ப்பிலே அது விரிகிறது. 34 நிறுவனங்கள், அவற்றில் 10, ஒரே நாளில் பிறந்தவை! பத்துப் பிள்ளை ஒரே நாளில் பெற்றாள் என்று புராணத்தில் வந்தால் சிரிப்போம். பதிவு அலுவலகத்தில் வந்தால் முத்திரை குத்துவார்கள். அந்த நிறுவனங்கள் என்ன உற்பத்தி செய்தன? சொத்து வாங்கின, அதுவே தொழில். ரிவர்வே அக்ரோ என்று ஒன்று. பெயரிலேயே ஆறு ஓடுகிறது பாருங்கள்! தென் மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் அதன் பெயரில். ஐம்பதுக்கு மேற்பட்ட வங்கிக் கணக்குகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றிப் பாயும் பணம். யார் பணம், யார் கணக்கு என்ற வேலியே இல்லை.

குளத்திலே எடுக்கும் கட்டத்துக்கு வருவோம். ஐதராபாத் அருகே ஒரு திராட்சைத் தோட்டம். அதன் வருமானம் அரைக் கோடிக்கு மேல் என்றது எதிர்த்தரப்பு. ஆறு இலட்சம் கூட இல்லை என்றது அரசுத் தரப்பு. விசாரணை நீதிமன்றம் பத்து இலட்சம் என்று ஒப்பியது. பிறகு, நமது எம்.ஜி.ஆர். என்னும் நாளேடு. வாசகர்கள் ஆயிரக்கணக்கில் வைப்புத் தொகை கட்டினார்களாம், வட்டிக்குப் பதிலாக இதழ் பெற்றார்களாம், அப்படிச் சேர்ந்தது சுமார் 14 கோடியாம்! ஏடு நடத்துவோர் நாம். ஆண்டுச் சந்தா அனுப்புங்கள் என்று எத்தனை வாரம் கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறோம், தோழர்களுக்குத் தெரியும். பதினான்கு கோடியைக் கொட்டும் வாசகர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அறிய எமக்கும் ஆசைதான். விசாரணை நீதிமன்றம் அந்தக் கதையை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

இடையில் வந்ததே உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2015 மே 11! விசாரணை நீதிபதி குன்ஹா 2014 செப்டம்பர் 27இல் நான்காண்டுச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்திருந்தார். அதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தலைகீழாக்கியது. வருமானத்துக்கு மேல் சொத்து எட்டு விழுக்காடுதான், பத்துக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. எப்படி வந்தது எட்டு? கடன் பட்டியலிலே பத்து இனங்கள். கூட்டினால் 10 கோடியே 67 இலட்சம். தீர்ப்பிலே கூட்டுத்தொகை 24 கோடியே 17 இலட்சம்! பதின்மூன்றரைக் கோடி, கூட்டலிலே முளைத்தது. சரியாகக் கூட்டினால் எட்டு, எழுபத்தாறாகும். மங்கலம்பேட்டைப் பள்ளியிலே ஐந்தாம் வகுப்புச் சிறுவன் இப்படிக் கூட்டியிருந்தால் ஆசிரியர் காதைத் திருகியிருப்பார்.

உச்ச நீதிமன்றம் திருத்தியது. ஆனால் எப்போது? 1996இல் தொடங்கிய வழக்கு, 2017இல் முடிந்தது. முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் 2016 டிசம்பர் 5 அன்றே மறைந்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போயிற்று. மற்ற மூவர் சிறை சென்றனர். பறிமுதலான 27 கிலோ அளவுக்கான தங்க நகைகளும் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் பத்திரங்களும் தமிழக அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில். ஆற்றில் இட்ட பொன்னை அரசு குளத்திலே எடுக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! சுந்தரருக்கு இவ்வளவு நாள் ஆகியிருந்தால் பாடலே பாடியிருக்கமாட்டார்.

நீதிமன்றம் என்றால் நேரமாகும் என்று சமாதானம் சொல்வோருக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளிலே சுமார் ஒன்றேகால் கோடிக்குப் பங்கு வாங்கியது. ஏழை எளியோர் கட்டிய காப்பீட்டுப் பணம். கேள்வி எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி! நீதிபதி சாக்ளா ஒருவரே ஆணையம். மக்கள் முன்னிலையில் விசாரித்து ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியிலே பதவி விலகினார். ஒரு மாதம் எங்கே, இருபத்தோராண்டு எங்கே? அன்று இருந்த சட்டம் குறைவு, அமைப்பு குறைவு. அக்கறை மட்டும் இருந்தது.

இன்று அமைப்புக்கா பஞ்சம்? எண்ணிப் பார்த்தால் விரல் போதாது. 1956 மே முதல் நாளில் அந்நியச் செலாவணிக்காகத் தோன்றிய அமலாக்கத் துறை. 1963இல் மத்தியப் புலனாய்வுத் துறை. தமிழரான க. சந்தானம் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையால் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம்; அதே ஆண்டு சென்னையிலே நம் இலஞ்ச ஒழிப்புத் துறை. பினாமிச் சட்டம் 1988இல் வந்தது; அதைச் செயற்படுத்த விதிகளை வகுக்க மறந்தே 28 ஆண்டுகள் ஓட்டினார்கள்! குழந்தை பெற்றுப் பெயர் வைக்காமல் கலியாண வயது வரை வளர்த்த கதை. 2016 நவம்பரில்தான் அதற்கு உயிர் வந்தது. உலக வல்லரசுகள் 1989இல் பாரிசிலே கூடிப் பணச்சலவைக்கு எதிராக ஒரு செயற்குழு அமைத்தன. அந்தச் சங்கத்திலே சேர இந்தியாவுக்கு 2010 ஆயிற்று. இடையே 2002ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டு 2005 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. லோக்பால் சட்டம், ஓராண்டுக்குள் மாநிலந்தோறும் லோக் ஆயுக்தா வேண்டும் என்று 2014 தொடக்கத்திலே நடைமுறைக்கு வந்தது. தமிழகச் சட்டமன்றம் 2018 ஜூலை வரை உறங்கியது.

புராணத்திலே ஒரு செய்தியை விட்டுவிட்டோம். சுந்தரர் ஏமாளி அல்லர். ஆற்றிலே போடுமுன் ஒரு துண்டுப் பொன்னை மாதிரிக்காக எடுத்து வைத்துக்கொண்டாராம். குளத்திலே வந்த பொன்னை அதோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். சரியான மாற்று வரும்வரை கரை ஏறவில்லையாம். ஆண்டவனே அனுப்பினாலும் உரைத்துப் பார்! அடியாருக்கு இருந்த இந்த ஐயப்பாடு நம் குடிமக்களுக்கு வேண்டாமா? மேலே சொன்ன அமைப்புகள் எல்லாம் உரைகல் ஏந்தியவர்கள்தாமே? அவர்களை உரைத்துப் பார்ப்பது யார்?

நாம் உரைத்துப் பார்க்கிறோம். 2014 முதல் பத்தாண்டுகளில் பணச்சலவைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் 5,297; தண்டனையில் முடிந்தவை 40. 2024 ஆகஸ்டிலே நாடாளுமன்றத்தில் அரசே தந்த எண். தீர்ப்பு வந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் வென்றோம் என்கிறது துறை. இருக்கட்டும், தீர்ப்பு வந்தவை எத்தனை? நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் மீதும் அரசியல்வாதிகள் மீதும் பத்தாண்டிலே 193 வழக்குகள், தண்டனை இரண்டில் என்று 2025 மார்ச்சிலே இன்னொரு விடை தந்தார்கள். வழக்கு முடியாவிடினும் சிறை உண்டு. குற்றமற்றவர் என்று நீதிபதி நம்பினாலன்றி ஜாமீன் கிடையாது என்ற விதியை 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தீர்ப்புக்கு முன் தண்டனை, தண்டனைக்குப் பின்னும் தீர்ப்பு இல்லை! ஊழல்காரனுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. வாளை உறையிலிருந்து எடுப்பதும் எதிர்க்கட்சித் தலையைப் பார்த்தே வீசுவதும் ஊழலை அறுக்காது, ஊழல்காரனைக் கட்சி மாற வைக்கும் என்று எச்சரிக்கிறோம். 2023 டிசம்பர் 1 அன்று அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரே, 20 இலட்சம் கையூட்டு வாங்கினார் என்ற குற்றச்சாட்டிலே திண்டுக்கல்லில் நம் இலஞ்ச ஒழிப்புத் துறையிடம் சிக்கினார். வேலிக்கும் ஒரு வேலி வேண்டியிருக்கிறது.

நம் துறையின் யோக்கியதை மட்டும் என்ன? தகவல் அறியும் சட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதல், 1997இல், இயற்றிய மாநிலம் தமிழகம். பெருமைதான். அதே தமிழகம் 2008இல் ஓர் அரசாணை போட்டு, இலஞ்ச ஒழிப்புத் துறையை 2005ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. இலஞ்சத்தை ஒழிக்கும் துறை, தகவலையும் ஒளிக்கும் துறையாயிற்று! ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்குப் பொருந்தாது என்று மைய அரசின் சட்டமே கூறுகிறது. அதை எடுத்துக்காட்டி மனுப் போடும் உரிமை இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. தில்லியும் சளைக்கவில்லை, மேலிடத்து அனுமதி இன்றி அதிகாரியின் முடிவுகளை விசாரிக்கவே கூடாது என்று 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்திலே 17ஏ என்னும் பிரிவைச் செருகியது.

இனி, நமக்குக் கசக்கும் பகுதி. கசப்பைக் கண்டு ஒதுங்குபவன் பகுத்தறிவாளன் அல்லன்.

2017இல் தேர்தல் பத்திரம் என்று ஒன்றைச் சட்டமாக்கினார்கள். கம்பெனி எவ்வளவும் கொடுக்கலாம். இலாபமே இல்லாத கம்பெனியும் கொடுக்கலாம். கொடுத்தது யார் என்று நீயும் நானும் அறியக் கூடாது. பணச்சலவைச் சட்டத்தை ஒரு கையிலும் இந்தப் பத்திரத்தை மறு கையிலும் வைத்திருந்த அரசின் துணிச்சல் உலகில் அரிது! 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. முகத்திரை விலகியது. மிகுதியாக அள்ளியது பாரதிய ஜனதா. சரி, மிகுதியாகக் கொடுத்தது யார்? கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம், பியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதிலே 509 கோடி வந்து சேர்ந்தது, திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு! கழகமே கணக்குக் காட்டியது, மறைக்கவில்லை, அன்றைய சட்டப்படி அது குற்றமும் அல்ல. ஆனால் ஏழையின் கூலியை விழுங்குகிறது என்று 2003இல் தமிழகத்திலே தடைசெய்யப்பட்ட தொழில், தமிழகத்துக் கட்சியின் பெட்டியிலே பொன்னாக விழுந்ததை, எதிரணியிலே நடந்திருந்தால் நாம் எத்தனை வாரம் எழுதியிருப்போம்? 1976இல் சர்க்காரியா ஆணையம் அமைந்தது எதிரியின் சூழ்ச்சி என்றோம். சூழ்ச்சி இருந்தது, அதோடு கேள்வியும் இருந்தது. கேள்விக்கு விடை கொடியின் நிறத்தால் வருவதில்லை.

கொடி மாறினால் குற்றம் கரையும் என்பதற்கு, வேலைக்குப் பணம் வாங்கிய வழக்கு அருகிலேயே இருக்கிறது. போக்குவரத்துக் கழகத்திலே ஓட்டுநர், நடத்துநர் வேலை தருவதாக 2011 முதல் 2015 வரை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியின் காலத்தில் பணம் பெறப்பட்டது என்பது புகார். அன்று அவர் ஒரு கழகம், பிறகு மறு கழகம், மீண்டும் அமைச்சர்! புகார் கூறியோரோடு சமரசம் ஆகிவிட்டது என்று 2021இல் உயர் நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. 2022 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், கையூட்டுக் குற்றம் இருவர் கைகுலுக்கி முடிக்கும் கொடுக்கல் வாங்கல் அல்ல என்ற நோக்கிலே அந்தச் சமரசத்தைத் தள்ளியது. 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை கைது செய்தது; 471 நாள் கழித்து ஜாமீன். குற்றம் மெய்யா பொய்யா என்று விசாரணை நீதிமன்றம்தான் கூற வேண்டும். ஆனால் ஒன்றை நாம் கூறலாம். அந்த வழக்கிலே குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியல் 2,000த்தைத் தாண்டியது; பணம் கொடுத்தவர்களையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்! தாலியை அடகு வைத்து மகனுக்கு நடத்துநர் வேலை வாங்க நினைத்த தாயின் மகனும் அதே கூண்டில். கொடுத்தது தவறு, மறுக்கவில்லை. ஆனால் பறித்தவனையும் பறிகொடுத்தவனையும் ஒரே கயிற்றால் கட்டினால் சாட்சி சொல்ல எவன் வருவான்? இரண்டாயிரம் பேரை விசாரித்து முடிக்கும்போது நீதிபதிக்கே நரை விழுந்துவிடும். இதைத்தானே குற்றவாளி விரும்புகிறான்?

கறுப்புப் பணம் என்றால் ஏதோ சுவிட்சர்லாந்துப் பெட்டகத்திலே உறங்கும் பொருள் என்று எண்ணுகிறோம். இல்லை. அது மங்கலம்பேட்டை இளைஞனுக்குக் கிடைக்காமற்போன வேலை. பரோடாவிலோ பெங்களூரிலோ ஒருவன் பார்க்காமலே வாங்கிப் போட்ட நம் ஊர் மனை; அதனால் ஏறிய விலை; அந்த விலைக்கு வாங்க முடியாமல் வாடகை வீட்டிலேயே கிழவனாகும் ஆசிரியர். பத்திரத்திலே வழிகாட்டி மதிப்பு, பைக்குள்ளே மீதி ரொக்கம் என்று மனை வாங்கும் நம் உறவினரும் அந்த ஆற்றிலே ஒரு குடம் ஊற்றியவர்தான் என்பதைச் சொன்னால் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

பீங்கான் பட்டறைத் தம்பிக்கு இதை வேறு வகையிலே சொன்னோம். "சூளையிலிருந்து வந்த கிண்ணத்தை எப்படிச் சோதிப்பாய்?" என்று கேட்டோம். "விரலால தட்டுவேன் அண்ணே. விரிசல் இருந்தா சத்தம் மாறும். மேல்பூச்சு எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் சத்தம் பொய் சொல்லாது" என்றார். இவ்வளவு தெரிந்த பிள்ளை, தன் பெயரிலே ஐயாயிரத்துக்கு வந்த கிண்ணத்தைத் தட்டிப் பார்க்கவில்லை!

இப்படி வாடகைக்கு எடுக்கப்படும் கணக்குகளைச் சுமைக்கழுதைக் கணக்கு என்று வங்கிக்காரர் சொல்கின்றனர். அவற்றை மோப்பம் பிடிக்க 2024 டிசம்பரிலே ரிசர்வ் வங்கி ஒரு கணிப்பொறி முறையையே அறிவித்தது. எங்கோ ஒரு முதியவரைத் தொலைபேசியிலே மிரட்டிப் பறித்த ஓய்வூதியம் உன் கணக்கிலே விழும். காவலர் தேடி வரும்போது முதலில் தட்டுவது உன் கதவை. ஐயாயிரம் கொடுத்தவனுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. பினாமி என்ற சொல்லுக்கே பெயரற்றது என்றுதான் பொருள். பெயர் உள்ளவன் நீ ஒருவன்தான், தம்பி! குற்றத்தில் வந்த பணம் என்று அறிந்து உதவினால் அதுவே குற்றம் என்கிறது சட்டம். எனக்குத் தெரியாது என்று மெய்ப்பிக்கும் சுமை உன் தலையிலே.

மறுநாள் காலை அவரோடு வங்கிக்குச் சென்றோம். புத்தகத்தைப் பதிவு இயந்திரத்திலே வைத்தார். அது கரகரவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பக்கம் நிறைந்து, அடுத்த பக்கம் திருப்பி, அதுவும் நிறைந்தது. நாற்பதாயிரம், முப்பத்தெட்டாயிரம், நாற்பத்தொன்பதாயிரம். மாதம் பதினான்காயிரம் ஊதியம் வாங்கும் தம்பி, விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்தார். கணக்கை முடக்கச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுத்தார். 1930 என்ற எண்ணுக்கு அங்கிருந்தே பேசினார். காவல் நிலையத்துக்கு எழுதிய மனுவிலே, ஐயாயிரம் வாங்கியதையும் மறைக்காமல் எழுதட்டுமா என்று கேட்டார். எழுது என்றோம். எழுதினார். அந்த ஐயாயிரத்தில் மீதி இருந்த ஆயிரத்து இருநூறையும் மனுவோடு சேர்த்து ஊசி குத்தி எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தைத் தாண்டிக் காவல் நிலையத்துக்கு நடந்தார். நாமும் உடன் நடந்தோம்.